காற்றில் வந்த கச்சேரி

ஆய கலைகள் அறுபத்து நான்கு என்று நம் முன்னோர் வகுத்தனர். அவற்றுள் இசையும் நாடகமும் தமிழர் உயிரோடு கலந்தவை. ஆனால், நல்ல கச்சேரி கேட்க வேண்டுமானால் ஒரு காலத்தில் கோயில் திருவிழாவுக்குக் காத்திருக்க வேண்டும். இல்லையேல் பட்டணத்துச் சபாவில் டிக்கெட் வாங்கி உட்கார வேண்டும். தோட்டத்து லயத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிமார்களுக்கு அது எட்டாக் கனி. அந்தக் கனியை எட்ட வைத்தது வானொலி. அது வந்த வரலாற்றை மாணவச் செல்வங்கள் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னையில் முதல் குரல்

1924-ஆம் ஆண்டு மே மாதம் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்பவர் நண்பர்களுடன் சேர்ந்து சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலை 31-இல் ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. ஆசை பெரிது, கையில் பணமோ சிறிது. 1927 அக்டோபரில் கிளப் நின்றுபோயிற்று. அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியிடம் போய்ச் சேர்ந்தது. 1.4.1930 முதல் மாநகராட்சி, ரிப்பன் கட்டடத்திலிருந்து மாலைதோறும் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பியது.

வானொலிப் பெட்டி வாங்க வசதியில்லாத ஏழைகள் என்ன செய்வார்கள்? மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். காசு கொடுக்காமல் யாரும் நின்று கேட்கலாம்! சபாவின் கதவு அன்றே கொஞ்சம் திறந்துவிட்டது எனலாம்.

16.6.1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் திறக்கப்பட்டது. முதல் நாளில் திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளையின் நாதஸ்வரமும் டி. கே. பட்டம்மாளின் பாட்டும் இடம்பெற்றன. அடுத்த ஆண்டு மே 16-இல் திருச்சி நிலையம் வந்தது.

கடிகாரம் பார்த்த வித்துவான்கள்

சபாவில் மூன்று நான்கு மணி நேரம் பாடிய வித்துவான்கள், வானொலிக்காகக் கடிகாரத்தைப் பார்த்துப் பாடப் பழகினார்கள். எதிரே தலையாட்ட ஆள் இல்லை. "சபாஷ்" சொல்லவும் ஆள் இல்லை. பெண்கள் மேடையேறினால் ஊர் ஒரு மாதிரி பேசிய காலம் அது. கட்டுப்பாடான குடும்பத்தில் பிறந்த பட்டம்மாள், சிறுமியாக இருந்தபோதே மாநகராட்சி வானொலியில் பாடியவர்.

வானொலி சட்டமும் போட்டது. 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. நமது சங்கீதத்தின் கமகங்களை அதன் கட்டைகளில் கொண்டுவர முடியாது என்பது காரணம். நாடகக் கம்பெனிகளுக்கோ ஆர்மோனியம்தான் உயிர். ஒரு கலைக்கு உயிராக இருந்தது, இன்னொரு கலைக்குக் குறையாகத் தெரிந்தது!

நாடகமும் மாறிற்று. விடிய விடிய நடந்த கூத்து அரை மணி நேரத்துக்குள் அடங்கியது. உடை இல்லை, திரை இல்லை; எல்லாம் குரல்தான். "அதோ, அரசர் வருகிறார்" என்று ஒருவர் சொன்னால்தான் அரசர் வருவது நமக்குத் தெரியும். கொட்டாங்கச்சியைத் தட்டினால் குதிரை ஓடும். தகரத்தை ஆட்டினால் இடி இடிக்கும். சுகி சுப்பிரமணியம் போன்றவர்கள் இதற்கென்றே நாடகம் எழுதினார்கள். வில்லுப்பாட்டு, நாட்டுப்பாடல், நகைச்சுவை என்று கதம்ப நிகழ்ச்சிகளும் வந்தன. குழந்தைகளுக்கு ‘வானொலி அண்ணா’ கதை சொன்னார்.

நம் நாட்டில்

1921-இல் ஜொகூரில் ஏ. எல். பர்ச் என்னும் மின் பொறியாளர் முதல் வானொலிக் கருவியைக் கொண்டுவந்தார். 1.3.1937-இல் சிங்கப்பூர் கால்டிகாட் குன்றில் நிலையம் திறக்கப்பட்டது. ஜப்பானியர் காலத்தில் வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பதே குற்றமாயிற்று. போர் முடிந்தபின், 1.4.1946-இல் ரேடியோ மலாயா பிறந்தது.

1948-இல் அவசரகாலம் வந்தது. 1950-களில் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் பொது வானொலிப் பெட்டிகள் வந்தன. நம் திரிங்காப்பும் அத்தகைய புதுக்கிராமங்களில் ஒன்றுதான். அறிவிப்பு மக்கள் காதில் விழவேண்டும் என்பது அரசாங்கத்தின் எண்ணம். வெறும் அறிவிப்பைக் கேட்க யார் உட்காருவாங்க? பாட்டும் நாடகமும் இருந்ததால்தான் ஜனங்கள் கூடினார்கள். பகலெல்லாம் மலைச்சரிவில் கொழுந்து பறித்த கை, மாலையில் தாளம் போட்டது.

இந்த மலைக்கு ஒலி எப்படி ஏறி வந்தது? சிற்றலை வானத்தின் உயரத்திலுள்ள மின் அடுக்கில் பட்டு மீண்டும் பூமிக்குத் திரும்பும். மலையைத் தாண்டி வெகுதூரம் போகும். இலங்கை வானொலியின் பாட்டு கடல் கடந்து கேட்டதும் அப்படித்தான். 1952-இல் இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் குறைத்தபோது, இந்திய நேயர்கள் பலர் இலங்கைப் பக்கம் திருப்பினார்கள்.

1.1.1959-இல் ரேடியோ மலாயா கோலாலம்பூருக்கு வந்தது. நம்மவர்களும் எழுதினார்கள், நடித்தார்கள். பின்னாளில் பேராசிரியரான ரெ. கார்த்திகேசு மலேசிய வானொலியில் பணியாற்றியவர். சிங்கப்பூரில் பி. கிருஷ்ணனின் ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ 1969–70-இல் ஒலிபரப்பாகி வீட்டுக்கு வீடு சிரிப்பை மூட்டியது. ஆக, தமிழர் கேட்பவராக மட்டும் இருக்கவில்லை, படைப்பவராகவும் உயர்ந்தனர்.

நாம் செய்ய வேண்டியது

அந்நாளைய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரடியாகவே ஒலித்தன. பதிவு செய்யப்படாதவை காற்றோடு போய்விட்டன. அவற்றைக் கேட்ட காதுகள் மட்டுமே நம்மிடம் மிச்சம். அந்தப் பெரியவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள்.

மாணவர்களே! வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். "ரேடியோ பொட்டி யார் வீட்டில இருந்துச்சு? என்ன நாடகம் கேட்டீங்க? அந்தப் பாட்டைப் பாடிக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். பெற்றோர்களே! பிள்ளை பாடவோ நடிக்கவோ விரும்பினால், "படிப்பு கெட்டுப்போகும்" என்று தடுக்காதீர்கள். ஒரு ஒலிபெருக்கியின் கீழ் நின்று கேட்டு வளர்ந்த சமுதாயம் நாம். நம் பிள்ளைகளின் குரலும் ஒலிக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க கலை!