கிளித்தட்டும் உப்பும்

தமிழ்நாட்டுத் துரத்தாட்டங்களுள் சடுகுடு 1990இல் பீகிங்கில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவிலேயே இடம்பெற்றுவிட்டது. கால்விரைவும் உடல் நெளிவும் அதற்கிணையாக வேண்டும் கிளித்தட்டு அப்பேற்றைப் பெற்றிலது. எனினும், சொல்வரலாறு நாடுவார்க்குக் கிளித்தட்டே பெருவிருந்தாம். தேவநேயப் பாவாணர் 1954இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' எனத் தனிநூலே இயற்றியும், இத்துறையில் ஆய்வு பெருகாமை வியப்பே.

ஆடுகளம் நீள்சதுரம். நடுவே நெடுங்கோடு ஒன்று. குறுக்கே கோடுகள் பல. ஒரு கட்சியார் கோட்டுக்கொருவராய் நின்று மறிப்பர். மறுகட்சியார் அவர் கைப்படாது கடைக்கோடு கடந்து, சென்ற வழியே மீள்வர். நடுக்கோட்டில் ஓடித் திரிபவனே கிளி. மறிப்பவன் தன் கோட்டை விட்டு விலகலாகாது. ஆதலின், ஓடுவோன் வெல்வது விரைவால் மட்டுமன்று. ஒருபால் பாய்வதுபோற் காட்டி மறுபால் நழுவும் திறத்தாலும் என்க.

கேரளத்தில் முன்னோக்கிச் செல்பவன் 'பச்சை', மீள்பவன் 'உப்பு'. யாழ்ப்பாணத்தாரோ முறையே 'காய்', 'பழம்' என்பர். காய் பழமாதல் வெளிப்படை. மீள்பவன் உப்பாவது எங்ஙனம்?

உமணர் உப்பேற்றிச் செல்லுங்கால் வழிமறித்து உல்கு கொண்ட நிலையை இவ்வாட்டம் நினைவூட்டுகிறது போலும் என உய்த்துணரலாம். இனிய கருத்தே, ஆயின் ஒரு நாட்டு வழக்கை மட்டும் பற்றிக்கொண்டு அங்ஙனம் துணிதல் பொருந்தாது. மராட்டியத்து 'ஆட்யா பாட்யா' என்பது இவ்வாட்டத்தின் உடன்பிறப்பு. அங்கும் மீள்பவன் கொணர்வது 'லோண்'. இச்சொல் வடமொழி 'லவண'த்தின் திரிபு என்பதற்கு, ஊறுகாயை 'லோணச்சே' என்னும் மராட்டிய வழக்கே சான்று பகரும். மொழி வேறாகியும் பொருள் ஒன்றாதலின், உப்பு என்பது தற்செயற் பெயரன்று. இன்று கபடியில் எதிரணியார் எழுவரும் வீழ்ந்தவிடத்து நடுவர் இரண்டு புள்ளி வழங்கும் 'லோனா'வும் இதன் வழித்தாகலாம். நம் சிறுவர் அதனை அயற்சொல்லென்றே கருதி ஒலிக்கின்றனர்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் இவ்வாய்வுக்கு ஏற்ற களமென்பது எம் கருத்து. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் மகிழுந்து ஆக்கம் தொடங்கிய பின்னர், ஏரியும் வயலுமாய்க் கிடந்த அந்நிலம் தொழிற்சாலை நிலமாயிற்று. பல மாவட்டத்து இளைஞரும் பிறமாநிலத்தாரும் அங்கு ஒருங்கு வாழ்கின்றனர். முதுகலை மாணவர் சிலர் அவர்தம் விடுதிகட்குச் சென்று, மீள்பவனை அவரவர் ஊரில் எப்பெயரால் அழைப்பர் என்னும் ஒரு வினாவை மட்டும் கேட்டுத் தொகுப்பாராயின், கடற்கரையூர்ப் பெயர்களையும் உள்நாட்டூர்ப் பெயர்களையும் எதிரெதிர் வைத்து உமணர் கருத்தைச் சோதித்தல் கூடும்.