ஓர் உறையில் இரண்டு கத்தி

2014, ஜூன் 2. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆப்பிளின் வருடாந்திர மாநாடு. அரங்கம் நிறைய புரோகிராமர்கள். வழக்கம்போல மேக்குக்குப் புது மென்பொருள், ஐஃபோனுக்குப் புது மென்பொருள் என்று போய்க்கொண்டிருந்த நிகழ்ச்சியின் கடைசியில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். ஐஃபோன் ஆப் எழுத இனி ஒரு புது மொழி. பெயர், ஸ்விஃப்ட்.

கைதட்டல் சரி. வயிற்றுப்பாடு? அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதுவரை சோறு போட்டது அப்ஜெக்டிவ்-சி என்கிற பழைய மொழி அல்லவா!

எவ்வளவு பழசு? எண்பதுகளின் ஆரம்பம். பிராட் காக்ஸ், டாம் லவ் என்று இரண்டு அமெரிக்கர்கள், சி மொழியின் தலையில் ஸ்மால்டாக் மொழியின் சிந்தனைகளை ஏற்றி உருவாக்கியது. 1985ல் ஆப்பிளைவிட்டு வெளியேறி ஸ்டீவ் ஜாப்ஸ் ஆரம்பித்த நெக்ஸ்ட் கம்பெனி, 1988ல் இதற்கு லைசென்ஸ் வாங்கியது. டிம் பெர்னர்ஸ்-லீ 1990ல் உலகின் முதல் வெப் பிரவுசரை எழுதியதுகூட நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில், இதே மொழியில்தான்.

1996 டிசம்பரில் நெக்ஸ்ட்டை வாங்கப் போவதாக அறிவித்தது ஆப்பிள். ஜாப்ஸ் திரும்பி வந்தார். சீதனம் மாதிரி மொழியும் கூடவே வந்தது. 2008ல் ஆப் ஸ்டோர் திறந்ததும், மேக் உலகத்துக்கு வெளியே அதிகம் பேர் சீந்தாத அப்ஜெக்டிவ்-சிக்கு அடித்தது ராஜயோகம்.

அப்புறம் ஏன் மாற்றினார்கள்? ஒரு உதாரணம். மதிப்பே இல்லாத, காலியான ஒரு பொருளுக்கு வேலை சொன்னால், அப்ஜெக்டிவ்-சி வாயைத் திறக்காது. பேசாமல் தாண்டிப் போய்விடும். கோளாறு வேறெங்கோ, வேறொரு நாள் வெடிக்கும். ஸ்விஃப்ட் அப்படியில்லை. 'இது காலியாக இருக்கலாம், இருந்தால் என்ன செய்வாய்?' என்று எழுதும்போதே சட்டையைப் பிடிக்கும். இதை கிறிஸ் லாட்னர் 2010லேயே ரகசியமாக ஆரம்பித்துவிட்டார்.

உடனே எல்லாரும் கட்சி மாறினார்களா? மாறியவர்கள் படாதபாடு பட்டார்கள். 2016ல் வந்த மூன்றாம் பதிப்பில் ஏகப்பட்ட பெயர்கள் மாறின. நேற்றுவரை ஓடிய நிரல் இன்றைக்கு ஓடவில்லை. 2019ல் ஐந்தாம் பதிப்பு வரும்வரை, ஒவ்வொரு ஆப்பும் ஸ்விஃப்ட் நூலகங்களைத் தானே முதுகில் சுமக்க வேண்டியிருந்தது.

காத்திருந்தவர்களும் நிம்மதியாக இல்லை. அதே 2019ல் திரைகளை வடிவமைக்க ஸ்விஃப்ட்யூஐ வந்தது. அதை ஸ்விஃப்டில் மட்டுமே எழுத முடியும். பழைய மொழியை ஆப்பிள் தடை செய்யவில்லை. புதுக் கதவுகளின் சாவியைத்தான் தரவில்லை.

இதில் பிழைத்தவர்கள் யார்? ஆப்பிள் விட்டுவைத்த ஒரு வசதியைப் பிடித்துக்கொண்டவர்கள். ஒரே ஆப்புக்குள் இரண்டு மொழிகளும் சேர்ந்து குடித்தனம் நடத்தலாம். ஒழுங்காக ஓடும் பழைய பகுதியைத் தொடாதே, புதிதாகச் சேர்ப்பதைப் புது மொழியில் எழுது. மெஷின் பழசானால் கணக்குப் புத்தகத்தில் வருடா வருடம் தேய்மானம் எழுதிக் கழித்துவிடலாம். நிரல் அப்படித் தேய்வதில்லை. பத்து வருஷமாகத் திருத்தித் திருத்திச் சரியான நிரலுக்கு மதிப்பு கூடத்தான் செய்யும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினால், அந்தப் பத்து வருஷத் தப்புகளையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

இன்றைக்குப் புதிதாக ஐஃபோன் ஆப் எழுதக் கற்பவர் தாராளமாக ஸ்விஃப்டில் தொடங்கலாம். அப்ஜெக்டிவ்-சியை வாசிக்கவாவது தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. வேலைக்குப் போகிற இடத்தில் பழைய ஆப் ஒன்று காத்திருக்கலாம்.