காற்றும் மாத்திரையும்

புதுவையை இரண்டாகப் பிளக்கும் வாய்க்காலை வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கிழக்கே கடலோரம் வெள்ளையர் வீதிகள். மேற்கே தமிழர் வீதிகள். கடற்காற்று முதலில் யார் வீட்டு ஜன்னலுக்குள் நுழைய வேண்டும் என்பதைக்கூட அந்த வாய்க்கால் தீர்மானித்துவிட்டது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊரில் பஞ்சாலைகள் ஓடிக்கொண்டிருந்தன. பகலெல்லாம் பஞ்சுத் தூசியில் நின்றுவிட்டு, இரவில் ஒரே அறையில் ஐந்தாறு பேரோடு படுத்தவனுக்கு க்ஷயரோகம் கண்டால் டாக்டர் என்ன சொல்லுவார்? நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு. மூன்றும் அவனிடம் இல்லாதவை. உரிமை கேட்டுப் போராடியதற்கே 1936 ஜூலை 30-ம் தேதி சவானா ஆலையில் 12 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களா ஓய்வு கேட்பது!

டாக்டர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 1882-ல் காக் என்ற ஜெர்மானியர் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து வர அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை காற்றே மருந்து. நம் டாக்டர் சௌரிமுத்து இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் ஒரு ஸானடோரியம் நடத்தினார். 1917-ல் கணித மேதை ராமானுஜன் அங்கே சிகிச்சைக்குப் போயிருந்தார். (அவருக்கு வந்தது க்ஷயமே அல்ல, ஈரலைத் தாக்கிய சீதபேதிக் கிருமி என்று பிற்காலத்தில் வாதித்தவர்கள் உண்டு.) அதே டாக்டர் 1928-ல் தாம்பரத்தில் தொடங்கிய ஸானடோரியத்தின் பெயரைத்தான் அங்குள்ள ரயில் நிலையம் இன்னும் சுமக்கிறது.

நல்ல காரியந்தான். ஆனால் சம்பாதிக்கிறவன் ஒரு வருஷம் அங்கே போய்ப் படுத்தால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? சங்கதி வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வருமா? பலர் இருமலை மறைத்துக்கொண்டே வேலைக்குப் போனார்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்தது சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் ஆரம்பமாயிற்று. தலைமை வகித்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர். நகரத்து ஏழைகளில் 193 நோயாளிகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் ஸானடோரியத்துக்கு. மற்றவர்கள் தங்கள் வீட்டுக்கே. இரு சாராருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷம்.

ஸானடோரியத்தில் சத்துள்ள உணவு, படுக்கை, தாதிகள். வீட்டிலோ அதே நெரிசல், அதே கஞ்சி. பலர் வேலைக்கும் போனார்கள். வருஷ முடிவில் ஸானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியது. வீட்டில் 86 பேருக்கு. 1959-ல் வெளிவந்த இந்த முடிவை உலகமே நிமிர்ந்து பார்த்தது. வீட்டிலிருந்த மனைவி மக்களுக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை.

தொல்லை வேறிடத்தில் இருந்தது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டால் எவன் மாத்திரையை விழுங்குவான்? ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரையும் வாங்கிச் சோதித்தார்கள்.