ஒரு மனிதருக்கு ஒரு நாள்

ஒரு பெரியவருக்குச் சிலை வைப்பது அவ்வளவு சிரமமான காரியமல்ல. ஒரு தடவை வசூல் செய்தால் போதும். சிற்பியின் கூலியோடு கணக்குத் தீர்ந்துவிடும். பிறகு அதன் தலைமேல் காக்கை உட்கார்ந்தாலும் கேட்பாரில்லை. ஆனால் ஒருவரை நினைத்து ஒரு தேசம் முழுவதும் ஆண்டுக்கு ஒரு நாள் ஆபீசை மூடிப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுவதென்றால், அது வேறு விஷயம். அந்தச் செலவு வருஷா வருஷம் வரும். அதோடு, "யாருக்காக இன்று லீவு?" என்று வீட்டில் குழந்தை கேட்கும். பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலைச் சொல்ல மனம் வராதவர்கள்தாம் செலவுக் கணக்கைப் பெரிதாக எடுத்துப் பேசுவார்கள்.

அமெரிக்காவில் ஜனவரி மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங்கின் நாள். அன்று ஊர் ஊராக ஊர்வலம் போகிறார்கள். தேவாலயங்களில் பிரார்த்தனை நடக்கிறது. காலைச் சிற்றுண்டி விருந்து வைத்துப் பிரசங்கம் செய்கிறார்கள். டெக்ஸஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரத்து ஊர்வலம் பிரசித்தி பெற்றது. பார்க்கிறவர்களுக்கு இது ஏதோ அந்த நாட்டு சர்க்கார் மனமுவந்து அளித்த மரியாதை போலத் தோன்றும். உண்மையில் ஜனங்கள் பதினைந்து ஆண்டுகள் விடாமல் கேட்டு, கையெழுத்து வாங்கி, தோற்று, மறுபடியும் கேட்டுப் பெற்ற நாள் அது.

கிங் தமக்கு எந்த விதமான ஞாபகார்த்தம் வேண்டும் என்பதைத் தாமே சொல்லிவிட்டுப் போனார். 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி, அட்லாண்டா நகரத்தில், தாமும் தம் தந்தையாரும் போதகர்களாக இருந்த எபினேசர் தேவாலயத்தில் அவர் பிரசங்கம் செய்தார். பேச்சு அவருடைய சொந்தச் சாவைப் பற்றித் திரும்பியது. தம் சவ அடக்கத்தின்போது நீளமாகப் பேச வேண்டாம், 1964-ல் கிடைத்த நோபல் பரிசைச் சொல்ல வேண்டாம், மற்றப் பட்டங்களையும் அடுக்க வேண்டாம். பசித்தவனுக்கு உணவளிக்கவும் பிறருக்கு ஊழியம் செய்யவும் முயன்றவன் என்று சொன்னால் போதும் என்றார். அப்போது அவருக்கு வயது 39. சரியாக இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 4-ஆம் தேதி மாலை, மெம்பிஸ் நகரத்தில் லொரேன் என்ற விடுதியின் மாடி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தவரைத் துப்பாக்கிக் குண்டு சாய்த்தது. ஏப்ரல் 9-ஆம் தேதி அதே எபினேசர் தேவாலயத்தில் அந்தப் பிரசங்கத்தின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார்கள். இறந்தவரே தம் இரங்கலுரையைச் சொன்னார். பிறகு இரண்டு கோவேறு கழுதைகள் பூட்டிய சாதாரணக் குடியானவன் வண்டியில் சவப்பெட்டி சென்றது.

மெம்பிஸுக்கு அவர் எதற்காகப் போனார்? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு அவருடைய நினைவு நாளைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. அந்த ஊரில் குப்பை அள்ளும் தொழிலாளிகள் ஏறக்குறைய எல்லாரும் கறுப்பின மக்கள். ஓட்டைத் தொட்டியைத் தலையில் சுமந்து, அழுக்கு நீர் தோளில் வழிய நடப்பவர்கள். முழு நேரம் உழைத்தும், சர்க்காரின் ஏழைகள் உதவிப் பணத்துக்குக் கை நீட்டும் அளவுக்குத்தான் பலருக்குக் கூலி. 1968 பிப்ரவரி 1-ஆம் தேதி, மழைக்கு ஒதுங்கிக் குப்பை லாரியின் பின்பக்கத்தில் நின்ற இரண்டு தொழிலாளிகளைக் குப்பையை நசுக்கும் இயந்திரமே நசுக்கிக் கொன்றுவிட்டது. பதினொரு நாளில் சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். 'நானும் ஒரு மனிதன்' என்ற பொருளில் நாலே நாலு ஆங்கிலச் சொற்களை அட்டையில் எழுதி, கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். கூலி உயர்வுக்காகப் புறப்பட்டவர்கள் அட்டையில் கூலியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்காகத்தான் கிங் அங்கே போனார். அங்கேயே உயிர் விட்டார். கணவரை அடக்கம் செய்வதற்கு முதல் நாள், அவருடைய மனைவி கொரெட்டா அதே மெம்பிஸுக்குச் சென்று, அவர் நடத்த இருந்த ஊர்வலத்தைத் தாம் முன்னின்று மௌனமாக நடத்திவிட்டு வந்தார். ஏப்ரல் 16-ஆம் தேதி நகரசபை இறங்கி வந்து தொழிலாளர் சங்கத்தை ஒப்புக்கொண்டது.

அவர் மறைந்த நான்காம் நாளே, மிச்சிகன் மாநிலத்துப் பிரதிநிதி ஜான் கானியர்ஸ் அவருடைய பிறந்த நாளைத் தேசிய விடுமுறையாக்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். மசோதா தூங்கியது. ஆனால் ஜனங்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1969 ஜனவரி 15-ஆம் தேதி, கிங் பிறந்து நாற்பது ஆண்டு நிறைந்த நாளில், அட்லாண்டாவில் கொரெட்டா அம்மையாரின் முயற்சியால் முதல் நினைவு விழா நடந்தது. அதைப் பார்த்து ஊருக்கு ஊர் தேவாலயங்களில் நடந்தது. சட்டமில்லாமலே விடுமுறை எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. தொழிற்சங்கங்கள் கூலி ஒப்பந்தம் பேசும்போது இந்த நாளையும் கேட்டு வாங்கின. 1973-ல் இல்லினாய்ஸ் மாநிலம் முதன்முதலாகச் சட்டம் செய்தது. 1979-ல் பிரதிநிதி சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குத் தேவைப்பட்ட இடத்தில் 252 பேர் ஆதரித்தார்கள். 133 பேர் எதிர்த்தார்கள். ஐந்தே ஐந்து வாக்குகள் குறைவு!

அடுத்தாற்போல் கண் தெரியாத இசைக்கலைஞர் ஸ்டீவி வொண்டர் இந்த நாளுக்காகவே ஒரு பிறந்தநாள் பாட்டுக் கட்டினார். 1981 ஜனவரி 15-ஆம் தேதி வாஷிங்டனில் பெருங்கூட்டம் கூட்டினார். 1982-ல் அறுபது லட்சம் கையெழுத்துக்கள் சபாநாயகரிடம் போய்ச் சேர்ந்தன. மறு ஆண்டு, இண்டியானா மாநிலத்திலிருந்து புதிதாக வந்திருந்த கேட்டி ஹால் என்ற கறுப்பின அம்மையார் ஒரு யுக்தி செய்தார். விடுமுறையைப் பிறந்த தேதியிலேயே வைக்காமல் திங்கட்கிழமைக்குத் தள்ளினார். வாரத்தின் நடுவில் வேலை கெடுகிறது, செலவு ஏறுகிறது என்று சொன்னவர்களின் வாய் பாதி அடைபட்டது. பிரதிநிதி சபையில் 338-க்கு 90 என்று மசோதா நிறைவேறியது.

மேல் சபையில், வட கரோலினாவின் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் சும்மா விடவில்லை. கிங்கைக் கம்யூனிஸ்டுகளோடு முடிச்சுப் போட்டு முந்நூறு பக்கத்துக்குக் காகிதக் கட்டு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். முன்பு டில்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹான் அதைக் குப்பை என்று சொல்லித் தரையில் வீசினார். அக்டோபர் 19-ஆம் தேதி 78-க்கு 22 என்ற கணக்கில் மசோதா நிறைவேற, 1983 நவம்பர் 2-ஆம் தேதி ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்டார். கொரெட்டா அம்மையார் பக்கத்தில் நின்றார். 1986 ஜனவரி 20-ஆம் தேதி தேசம் முதல் தடவையாக அந்த நாளைக் கொண்டாடியது.

இதோடு கதை முடிந்திருந்தால் எழுத வேண்டிய அவசியமே இல்லை. மத்திய சர்க்காரின் சட்டம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. அரிஸோனாவில் ஒரு கவர்னர் விடுமுறை அறிவித்தார். 1987-ல் அடுத்து வந்தவர் அதை ரத்துச் செய்தார். 1990-ல் ஜனங்களிடமே கேட்டபோது வேண்டாம் என்றார்கள். 1993-ல் அங்கே நடக்க இருந்த பெரிய கால்பந்துப் போட்டியைக் கலிபோர்னியாவுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குள் 1992-ல் மறுபடி வாக்கெடுத்து, வேண்டும் என்றார்கள். மனச்சாட்சி எவ்வளவு, பணப் பெட்டி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. வர்ஜீனியாவில் இன்னும் விசித்திரம். அடிமை முறையைக் காக்கப் புறப்பட்ட தென்னாட்டுப் படையின் தளபதிகள் லீ, ஜாக்ஸன் இருவருக்கும் இருந்த நாளில் கிங்கையும் 1984-ல் சேர்த்துவிட்டார்கள். 2000 வரை அந்த மூவரும் ஒரே நாளில் காலம் தள்ள நேர்ந்தது. அர்க்கன்ஸாஸ் 2017-ல்தான் லீயைப் பிரித்தது. அலபாமாவும் மிஸிஸிப்பியும் அப்போதும் பிரிக்கவில்லை. தென் கரோலினாவில் சம்பளத்தோடு கூடிய கட்டாய விடுமுறையாக இது ஆனது 2000-ல்தான். கிங் இறந்து 32 ஆண்டு ஆகியிருந்தது.

எதிர்ப்பில்லாமல் கொண்டாடும் இடத்தில் வேறோர் ஆபத்து இருக்கிறது. விடுமுறை என்றால் தூக்கமும் கடைவீதியும்தானே! 1994-ல் இதற்கு ஒரு மாற்று வந்தது. கிங்கோடு அடிபட்டுச் சிறை சென்ற ஜான் லூயிஸும், பென்ஸில்வேனியாவின் ஹாரிஸ் வொஃபோர்டும் சேர்ந்து, இந்த நாளைப் பொதுத் தொண்டு நாளாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். வொஃபோர்டு இளமையில் இந்தியாவில் சுற்றி, மனைவியுடன் சேர்ந்து 1951-ல் நம் நாட்டைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். காந்தியடிகளின் வழியைப் பற்றிக் கிங்கோடு கலந்து பேசியவர். 1959-ல் கிங் தாமே இந்தியாவுக்கு வந்தபோது, கேரளத்தில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அவரை, 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டாதவர்' என்று அறிமுகம் செய்தாராம். முதலில் சுருக்கென்றது என்றும், யோசித்துப் பார்த்தபோது அது உண்மையே என்றும் பின்னால் ஒரு பிரசங்கத்தில் கிங் சொன்னார். இன்று ஜனவரித் திங்கட்கிழமையில் டாக்டரும் மாணவனும் கையில் தூரிகை எடுத்துப் பள்ளிக்கூடச் சுவருக்கு வர்ணம் அடிக்கிறார்கள்; தெருக் குப்பையைப் பொறுக்குகிறார்கள். நாம் சிரமதானம் என்கிறோமே, அதுதான்.

நல்ல காரியந்தான். ஆனாலும், ஒரு நாள் குப்பை அள்ளுவது எளிது. அனுதினமும் அள்ளுகிறவனுக்கு நியாயமான கூலி கொடுப்பது கடினம். மெம்பிஸ் வேலைநிறுத்தக்காரர்களுக்கு நகரசபையின் ஓய்வூதியம் இல்லாமலே போயிற்று. முதுமையிலும் குப்பை வண்டியோடு போனவர்கள் உண்டு. கிங் விழுந்த விடுதி 1991-ல் காட்சிசாலையாகிவிட்டது. தேசமெங்கும் தெருக்களுக்கு அவர் பெயர் வந்துவிட்டது. எஞ்சியிருந்த அந்தக் கிழவர்களுக்கு ஆளுக்கு ஐம்பதினாயிரம் டாலராவது கொடுக்க வேண்டும் என்று மெம்பிஸ் நகரசபைக்குத் தோன்றியது 2017-ல்! 1,300 பேரில் அப்போது மிஞ்சியிருந்தவர்கள் ஒரு சிறு கூட்டந்தான்.

கிங்குக்கு விடுமுறை கொடுக்க அமெரிக்கா பதினைந்து ஆண்டு எடுத்துக்கொண்டது. அவர் யாருக்காக உயிரைக் கொடுத்தாரோ, அவர்களுடைய கணக்கைப் பார்க்க நாற்பத்தொன்பது ஆண்டு ஆயிற்று. தம் சவப்பெட்டியின் முன் எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று அவர் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்லி வைத்தது ஏன் என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். பரிசையும் பட்டத்தையும் ஊர் தானாகவே நினைத்துக்கொள்ளும். அந்த ஊழியத்தைத்தான் ஒவ்வொரு வருஷமும் யாராவது எழுந்து ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.