வெறுங்காலுடன் ஒலிம்பிக் சென்ற அணியும் அதன் மருத்துவ மாணவத் தலைவரும்

1948 ஜூலை 31. இலண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் டங்கன் வைற் இலங்கைக்கு வெள்ளிப்பதக்கம் வென்ற நாள். அதே நாளில், அதே நகரின் கிழக்குப் புறத்தில், இன்று நம்மவர்கள் பலர் குடியிருக்கும் இல்ஃபர்ட்டில், சுதந்திர இந்தியாவின் உதைபந்தாட்ட அணி தன் முதலாவது ஒலிம்பிக் போட்டியில் பிரான்ஸை எதிர்கொண்டது. அந்த அணியின் தலைவர் முழுநேர விளையாட்டு வீரர் அல்ல. கல்கத்தாவில் வைத்தியப் படிப்பை இன்னும் முடிக்காத முப்பது வயது மாணவர். பெயர் தலிமேரன் ஆவோ.

ஆவோ 1918 ஜனவரி 28இல் நாகா மலைப்பகுதியின் சாங்கி கிராமத்தில் பிறந்தார். தந்தை கிறிஸ்தவ போதகர். பந்து வாங்க வசதியில்லாத சிறுவர்கள் கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டி உதைத்த காலம் அது. 1935இல் தந்தை நெருப்புக் காய்ச்சலால் இறந்தார். மகன் வைத்தியராகி ஊர் மக்களுக்கு உதவ வேண்டும் என்பதே அவரது விருப்பமாக இருந்தது. ஆவோவின் பிற்கால முடிவுகள் பலவற்றை இந்த விருப்பத்தை வைத்தே விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குவாஹாட்டியின் கொட்டன் கல்லூரியில் படித்தபோது அங்குள்ள மகாராணா கழகத்துக்கு விளையாடினார். பிறகு வைத்தியக் கல்வி அவரைக் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்றது. 1943இல் மோகன் பகான் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1911இல் ஆங்கிலேய இராணுவ அணியொன்றைத் தோற்கடித்துக் கேடயம் வென்ற அதே கழகம். அங்கே தடுப்பாட்டத்தில் ஊன்றி நின்ற மத்தியகள வீரராக அறியப்பட்டார். அணித் தலைவராகவும் இருந்தார். பகலில் விரிவுரை, மாலையில் மைதானம். அக்காலக் கல்கத்தா உதைபந்தாட்டம் சட்டப்படி தொழில்சாராத ஆட்டம் என்பதால் இப்படியான வாழ்க்கை சாத்தியமாயிற்று.

ஒலிம்பிக்கும் அன்று தொழில்சாரா வீரர்களுக்கு மட்டுமே உரியது. மட் பஸ்பி பயிற்றுவித்த பிரித்தானிய அணியிலும் கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் கழகத்தைச் சேர்ந்த ஸ்கொட்லாந்து வீரர்கள் இருந்தார்கள். சம்பளமின்றி விளையாடுவதையே கொள்கையாக வைத்திருந்த அந்தக் கழகம், 2019இல்தான் அதைக் கைவிட்டது.

தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றவர் ஆவோ. சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகாத நாடு. அதன் வடகிழக்கு மூலையின் மலைச் சமூகம் ஒன்றிலிருந்து வந்த ஒருவரின் கையில் கொடி. இல்ஃபர்ட் ஆட்டத்தில் இந்திய வீரர்கள் பதினொருவரில் எட்டுப் பேர் பூட்ஸ் அணியவில்லை. பிரான்ஸ் முதலில் கோல் போட்டது. 70ஆவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் உதைபந்தாட்டக் கோல் அதுதான். ஆனால் சைலன் மன்னாவும் மகாவீர் பிரசாத்தும் ஆளுக்கொரு தண்ட உதையை வீணாக்க, கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் மீண்டும் கோல் போட்டு 2–1 என வென்றது.

தோற்ற அணியைத்தான் பத்திரிகைகள் பேசின. ஏன் வெறுங்காலுடன் ஆடுகிறீர்கள் என்று கேட்ட நிருபருக்கு ஆவோ சொன்ன பதில் இன்றும் சொல்லப்படுகிறது: நாங்கள் ஆடுவது 'ஃபுட்போல்', நீங்கள் ஆடுவது 'பூட்போல்'. நல்ல பகிடிதான். ஆனால் வெறுங்கால் ஆட்டத்தை வீரம் என்று மட்டும் எழுதுவது சரியாகப்படவில்லை. இரண்டு தண்ட உதைகளில் ஒன்று உள்ளே போயிருந்தால் அந்த ஆட்டத்தை நாம் வேறுவிதமாக நினைவுகூர்ந்திருப்போம்.

ஆர்சனல் கழகம் அவரை ஒப்பந்தம் செய்ய அழைத்தது என்பது ஆவோவைப் பற்றிய குறிப்புகளில் தவறாமல் வரும் செய்தி. அவர் போகவில்லை. கல்கத்தா திரும்பி, 1950இல் எம்.பி.பி.எஸ். முடித்தார். அன்றைய இங்கிலாந்தில் தொழில்முறை வீரரின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. இன்றைய கோடிகளை நினைத்து அந்த மறுப்பை அளக்க முடியாது. என்றாலும் புகழ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது உண்மை.

கல்முனை சந்தாங்கேணி மைதானத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கு உயர்தரம் நெருங்கும்போது வீட்டில் கேட்கும் "பந்தா, படிப்பா" என்ற கேள்வி ஆவோவுக்கும் இருந்தது. ஒன்றை விட்டுத்தான் மற்றதைப் பிடிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. எதற்கு முதலிடம் என்பதை மட்டும் முடிவுசெய்து வைத்திருந்தார். வைத்தியரான பிறகும் மோகன் பகானுக்கு விளையாடி, 1952இல்தான் அங்கிருந்து விலகினார்.

1953இல் கொஹிமா வைத்தியசாலையில் பணியேற்றார். ஆர்சனலைப் பற்றிக் கேள்விப்பட்டிராத நோயாளிகள் நிறைந்த மலைநாடு அது. பின்னர் நாகாலாந்து மாநில சுகாதார சேவைகள் பணிப்பாளராக உயர்ந்து 1978இல் ஓய்வுபெற்றார். 1998 செப்டம்பர் 13இல் காலமானார். இந்திய அஞ்சல்துறை அவருக்கு முத்திரை வெளியிட்டது 2018இல், அவர் பிறந்து நூறு வருடங்கள் கழித்து.