ரப்பர் விலையும் வங்கிக் கடனும்



கடன் வாங்கியவர் ஊதாரியாக இருந்தால்தான் கடன் திரும்பி வராது என்று பலரும் எண்ணுகிறோம். ஆனால் உழைப்பும் நாணயமும் உள்ளவர்கள் பல்லாயிரம் பேர் ஒரே சமயத்தில் கடனைக் கட்ட முடியாமல் தவித்த காலமும் மலாயாவில் இருந்தது. அதுவே 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வந்த உலகப் பொருளாதார மந்தம்.

1925ஆம் ஆண்டில் ஒரு ராத்தல் ரப்பர் ஒரு வெள்ளிக்கு மேலும் விலை போனது. நிலம் வைத்திருந்தவர்கள் கடன் வாங்கி மேலும் கன்று நட்டார்கள். வங்கிகளும் கொடுத்தன, நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகளும் கொடுத்தன. நிலப் பட்டாதான் ஈடு.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அமெரிக்காவில் மோட்டார் வண்டிகளின் விற்பனை குறைந்தது. டயருக்கான தேவையும் குறைந்தது. 1929இல் ராத்தலுக்குச் சுமார் 34 காசாக இருந்த ரப்பர், 1932இல் சுமார் 7 காசுக்கு இறங்கியது.

ஒருவர் 340 வெள்ளி கடன்பட்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். பழைய விலையில் 1,000 ராத்தல் விற்றால் அசல் தீரும். புதிய விலையிலோ ஏறக்குறைய 4,900 ராத்தல் விற்க வேண்டும். கடன் வளரவில்லை, அதற்குச் சிந்த வேண்டிய வியர்வைதான் ஐந்து மடங்காயிற்று.

சரி, ஈடு இருக்கிறதே என்று கேட்கலாம். எல்லா நிலமும் ஒரே நேரத்தில் ஏலத்துக்கு வந்தால் வாங்குவது யார்? கடன் கொடுத்தவர் கையில் பணம் சேரவில்லை. விலை போகாத தோட்டமே சேர்ந்தது. அவரோ பிறரிடம் வைப்புத்தொகையும் கடனும் வாங்கியவர். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாமா?

அரசியல் முடிவுகளும் இதோடு சேர்ந்தன. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தன் நாணயத்தைத் தங்கத்திலிருந்து விலக்கியது. அதன் மதிப்பு வீழ்ந்ததால், அந்நியச் செலாவணி வாணிபம் செய்துவந்த சிங்கப்பூர் ஹோ ஹோங் வங்கி பெரும் நட்டமடைந்தது. 1932இல் அவ்வங்கியும் வேறு இரண்டு சீன வங்கிகளும் இணைந்து ஓவர்சீ-சைனீஸ் பேங்கிங் கார்ப்பரேஷன் உருவாயிற்று. 1933ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம், அந்நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவரிடம் ஈடு வைப்பதைத் தடுத்தது. குடியானவருக்கு அது பாதுகாப்பு. கடன் கொடுத்தவருக்கோ ஈட்டின் பலம் குறைந்தது.

இந்தச் சுமை கணக்குப் புத்தகத்தோடு நிற்கவில்லை. முக்கியத் தோட்ட வட்டாரங்களில் 50 காசாக இருந்த ஆண்களின் நாட்கூலி, 1930இல் 40 காசாகக் குறைக்கப்பட்டது. பிறகு மேலும் இறங்கியது. வேலை இழந்த தமிழர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். கடன் பத்திரத்தில் கைநாட்டு வைக்காதவர்களும் அதன் விலையைக் கொடுத்தார்கள்.

நேயர்களே, கடன் கொடுத்தவர், வாங்கியவர், கூலி பெற்றவர் ஆகிய மூவரும் ஒரே மரத்தில் சாய்ந்திருந்தார்கள். மரம் ஆடியபோது மூவரும் ஆடினார்கள். ஆகவே கடனின் பத்திரத்தை எடைபோடும்போது ஆளின் நாணயத்தை மட்டும் பார்த்தால் போதாது. அவருடைய வருமானம் எத்தனை வேர்களில் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். குடும்பத்துக்கும் இது பொருந்தும்.