ஓலை எடுத்த சிறுவன்: குழந்தைகளுக்கான குடிமை, வரலாறு, வாழ்க்கைத்திறன் நூல்கள்

தமிழில் குழந்தைகளுக்காக வெளிவரும் அறிவு நூல்களில் குடிமை, வரலாறு, வாழ்க்கைத்திறன் ஆகிய மூன்றும் பெரும்பாலும் தனித்தனி வரிசைகளாகவே அமைகின்றன. குடிமை நூல் கடமைகளைப் பட்டியலிடும். வரலாற்று நூல் மன்னர்களையும் தியாகிகளையும் போற்றும். வாழ்க்கைத்திறன் நூல் நேரத்தைத் திட்டமிடவும் கோபத்தை அடக்கவும் கற்றுத்தரும். வசதிக்காக ஏற்பட்ட இந்தப் பிரிவினையால் மூன்றுமே நலிந்திருக்கின்றன என்பது என் வாதம். ஓர் உரிமை எந்தப் போராட்டத்தில் கிடைத்தது என்று அறியாத பிள்ளைக்கு அதைக் காக்க வேண்டும் என்று தோன்றாது. யாரிடம் போய் முறையிடுவது என்று தெரியாத பிள்ளைக்குத் துணிச்சல் மட்டும் இருந்து பயனில்லை. மூன்றையும் ஒரே பாடத்தில் இணைக்க முடியும். இணைத்துக் காட்டிய நூல்களும் நம் நாட்டில் வந்திருக்கின்றன.

தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த சான்றிலிருந்தே தொடங்கலாம். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது, குடத்தில் ஓலையிட்டு உறுப்பினரைத் தெரிந்தெடுத்தார்கள், ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எனக் குழுக்கள் அமைந்தன. சோழர் கால மக்களாட்சிக்குச் சான்று என்ற பெருமிதத்தோடு நம் சிறுவர் நூல்கள் இதைச் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றன. பெருமிதம் கொள்ள நியாயமான காரணம் உண்டு. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வாரியத்துக்கு வர முடியாது என்று 1,100 ஆண்டுகளுக்கு முன்பே விதி செய்த ஊர் அது.

ஆனால் அந்த 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு வேறு சிலவற்றையும் சொல்கிறது. வரி கட்டும் சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும், வேத அறிவும் உள்ள, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கே தகுதி. அது பிராமணர்களுக்குத் தானமாக வழங்கப்பட்ட ஒரு பிரம்மதேய ஊரின் சபை. அப்படியானால் அந்த ஊரில் ஏர் ஓட்டியவர் பெயர் குடத்துக்குள் போயிருக்குமா? அவர் மனைவியின் பெயர்? 2007இல் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமம் (என்.சி.இ.ஆர்.டி.) ஏழாம் வகுப்புக்கு வெளியிட்ட ‘நமது கடந்தகாலங்கள்’ நூல் இந்தத் தகுதிகளை எடுத்துத் தந்து, இச்சபைகளில் பெண்கள் பங்கேற்றிருப்பார்களா, குழுவுக்கு ஆள் தெரிய சீட்டுக் குலுக்கல் நல்ல முறைதானா என்று பிள்ளைகளிடமே கேட்டது. இந்த இரண்டு கேள்விகளில் வரலாறு குடிமைக் கல்வியாக மாறிவிடுகிறது. சான்றை எடைபோடும் பழக்கமே வாழ்க்கைத்திறன் நூல்கள் வலியுறுத்தும் திறனாய்வுச் சிந்தனை. அதற்கென்று தனிப் புத்தகம் வேண்டியதில்லை.

கல்வெட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. குடத்திலிருந்து ஓலையை எடுக்க வேண்டியவன் ஒரு சிறுவன். விவரம் எதுவும் அறியாதவன் என்பதே அவனுக்கு உரிய தகுதி. சூது நடக்காமலிருக்க அன்று அந்த ஏற்பாடு பொருத்தமாக இருந்திருக்கலாம். ஆனால் குழந்தையைப் பற்றிய அதே கருத்து இன்றைய குடிமை நூல்களிலும் தொடர்வதுதான் கவலைக்குரியது. குழந்தை நாளைய குடிமகன். அதுவரை சொன்னதைக் கேட்க வேண்டியவன் என்ற எண்ணம்தான் பட்டியல்களையும் அறிவுரைகளையும் பிறப்பிக்கிறது.

இந்த எண்ணத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியின் மீது மக்களுக்கு அதிருப்தி வளர்ந்த சூழலில்தான், கீழ்ப்படிதலையும் விசுவாசத்தையும் ஊட்டும் பாடமாகக் குடிமையியல் இந்தியப் பள்ளிகளுக்குள் வந்தது. யஷ்பால் தலைமையில் உருவான 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு இதை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டி, பாடத்தின் பெயரையும் உள்ளடக்கத்தையும் மாற்றப் பரிந்துரைத்தது. அதன் விளைவாக 2006 முதல் 2008 வரை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு என்.சி.இ.ஆர்.டி.யின் ‘சமூக, அரசியல் வாழ்க்கை’ என்ற நூல்வரிசை வந்தது. 1982இல் தொடங்கப்பட்ட ஏகலவ்யா அமைப்பு மத்தியப் பிரதேசத்தின் அரசுப் பள்ளிகள் சிலவற்றில் முன்னரே இவ்வகைச் சமூக அறிவியல் நூல்களைப் பயன்படுத்திப் பார்த்திருந்தது. மாநில அரசு 2002இல் அந்த முயற்சியை நிறுத்திவிட்டாலும் அனுபவம் வீணாகவில்லை.

அறிவுரைக்கும் நிகழ்வுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் ஒப்பீடு விளக்கும். தமிழ்நாட்டுப் பாடநூலின் முன்பக்கத்தில், தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மைக்கு மாறானது என்ற அறிவிப்பைப் பல தலைமுறைகள் பார்த்து வளர்ந்திருக்கின்றன. அந்த அறிவிப்பு அங்கே இருக்கத்தான் வேண்டும். ஆனாலும் பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டிவரும் காலத்தில் அறிவிப்பு மட்டும் என்ன செய்தது என்று கேட்காமலிருக்க முடியவில்லை. ‘சமூக, அரசியல் வாழ்க்கை’ நூல் ஆறாம் வகுப்புப் பிள்ளையை நேராக 1901ஆம் ஆண்டுக்கு அழைத்துப் போகிறது. ஒன்பது வயது அம்பேத்கர் அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும், வெளியூரில் வேலை பார்க்கும் தந்தையைக் காணப் புறப்படுகிறார். நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைக் கண்டு கனிவாகப் பேசிய ரயில் நிலைய அதிகாரி, அவர்கள் மகர் சாதியினர் என்று தெரிந்ததும் முகம் மாறிப் போகிறார். வண்டிக்காரர்கள் இரட்டிப்புக் கூலிக்கும் ஏற்றிச்செல்ல மறுக்கிறார்கள். படிக்கும் பிள்ளைக்கும் ஏறக்குறைய அதே வயது. தீண்டாமை தவறு என்று யாரும் அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தவறு எங்கே நிகழ்ந்தது, யார் செய்தார், அங்கே இருந்திருந்தால் தான் என்ன செய்திருக்கும் என்று அதுவே யோசித்தாக வேண்டும்.

எட்டாம் வகுப்பு நூலில் சென்னையின் தண்ணீர் பற்றிய பாடம் இதைவிடவும் நுட்பமானது. அண்ணா நகரில் உயர் அதிகாரியின் வீட்டுப் புல்வெளிக்குத் தாராளமாக நீர் பாய்கிறது. மயிலாப்பூர்க் குடியிருப்புக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை குடிநீர் வருகிறது. மடிப்பாக்கத்தில் நான்கு நாளுக்கு ஒருமுறை. குடிக்கப் புட்டித் தண்ணீர் வாங்குகிறார்கள். சைதாப்பேட்டையில் வீட்டுவேலை செய்யும் பத்மாவின் குடிசைப் பகுதியில் 30 வீடுகளுக்கு ஒரே பொதுக்குழாய். ஆழ்துளைக் கிணற்று நீர் நாளுக்கு இருமுறை, 20 நிமிடம் வரும். அந்த நேரத்தில் ஒரு குடும்பம் அதிகம் பிடித்தால் மூன்று வாளி. ஒரே ஊர், ஒரே அரசு, ஒரே அரசியல் சட்டம். உயிர்வாழும் உரிமையைத் தரும் 21ஆம் பிரிவில் தண்ணீரும் அடங்கும் என்று அந்தப் பாடம் சொல்லும்போது, சட்டத்துக்கும் மூன்று வாளிக்கும் இடையே உள்ள தூரத்தைப் பிள்ளையே அளந்துவிடும். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவீர் என்று முடியும் நூல் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. மூன்று வாளியில் எதைச் சிக்கனப்படுத்துவது?

இவ்வரிசையில் தமிழ்நாடு திரும்பத் திரும்ப வருகிறது. ஆறாம் வகுப்பில் கடலோரக் கல்பட்டு கிராமத்து விவசாயக் கூலி துளசி. ஏழாம் வகுப்பில் ஈரோட்டுத் துணிச்சந்தையும் விசைத்தறி நெசவாளரும். ஆனால் நூல்கள் ஆங்கிலம், இந்தி, உருது மொழிகளில் வெளிவந்தன. சைதாப்பேட்டை மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பிள்ளைக்குச் சைதாப்பேட்டை பற்றிய அந்தப் பாடம் எட்டவே இல்லை. அதை இந்தியில் டெல்லிப் பிள்ளை படித்தது. இந்த இடைவெளியைத் தமிழ்ப் பதிப்புலகம் இன்னும் உணரவில்லை என்பது என்னைப் பெரிதும் வருத்தும் செய்தி. இப்போது அந்த நூல்களும் புழக்கத்தில் இல்லை. 2024, 2025ஆம் ஆண்டுகளில் அவற்றின் இடத்துக்குப் புதிய பாடநூல்கள் வந்துவிட்டன.

இம்முறைக்கு எதிராக வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஒடுக்குமுறையை விரிவாக விவரித்தால், ஒடுக்கப்பட்டோரின் பிள்ளை வகுப்பில் கூனிக்குறுக நேராதா? என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் ஆடையின் வரலாறு குறித்த இயல் இருந்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் அதில் இடம்பெற்றது. அச்சமூகத்தைக் கீழ்மைப்படுத்தும் விதத்தில் எழுதப்பட்டிருப்பதாகத் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. விவகாரம் நீதிமன்றம் சென்றது. அப்பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று 2016இல் சி.பி.எஸ்.இ. அறிவித்தது. 2019இல் இயல் முழுவதுமே நீக்கப்பட்டது. எதிர்ப்புத் தெரிவித்தவர்களின் மனப்புண் உண்மையானது. அதை நான் மதிக்கிறேன். ஒரு சமூகத்தைப் பிறர் எப்படி இழிவாகப் பார்த்தார்கள் என்பதில் தொடங்கும் பாடம், அந்தப் பார்வையையே பிள்ளைகள் மனத்தில் பதித்துவிடக்கூடும். ஆனால் அதற்கு மருந்து நீக்கம் ஆகாது. போராடிய பெண்களிலிருந்து தொடங்கி மறுபடி எழுதியிருக்க வேண்டும். 1859இல் திருவிதாங்கூர் அரசை இறங்கிவந்து பிரகடனம் வெளியிடச் செய்த பெண்களின் கதையை இழந்தது யார்? அவர்களின் கொள்ளுப்பேத்திகளும்தான்.

தேர்வு குறித்த ஆட்சேபமும் உண்டு: பத்மாவின் மூன்று வாளியும் கடைசியில் ஒரு மதிப்பெண் வினாவாகிவிடும் என்பார்கள். உண்மைதான். அதனால்தான் இவ்வேலையைப் பாடநூலிடம் மட்டும் விட்டுவிடாமல், தேர்வுக்கு வெளியே படிக்கப்படும் சிறுவர் நூல்கள் ஏற்க வேண்டும் என்கிறேன்.

வாழ்க்கைத்திறன் நூல்களுக்கு வருவோம். தன்னை அறிதல், பிறர் நிலையுணர்தல், முடிவெடுத்தல், மன அழுத்தத்தைக் கையாளுதல் என உலக சுகாதார நிறுவனம் 1990களில் வகுத்த பத்துத் திறன்களே இவற்றுக்கு அடிப்படை. அந்தப் பட்டியலில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் புத்தகமாகும்போது எல்லாப் பொறுப்பும் பிள்ளையின் தலையில் ஏறிவிடுகிறது. பாலியல் சீண்டலைப் பற்றிய நூல்களைப் பாருங்கள். தவறான தொடுதலை உணர், ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொல், அங்கிருந்து ஓடு, நம்பிக்கையான பெரியவரிடம் சொல் என்று பலவும் நின்றுவிடுகின்றன. நம்பிக்கையான பெரியவரே தவறு செய்தவராக இருந்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012இன் போக்சோ சட்டப்படி பிள்ளையே புகார் கொடுக்கலாம். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். கூடியவரை பெண் அதிகாரியே, சீருடை இல்லாமல் வந்து பதிய வேண்டும். இரவில் எக்காரணத்தைக் கொண்டும் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 1098 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியாதது இதில் எதுவும் இல்லை. உரக்கச் சொல்வது திறன். கேட்டு நடவடிக்கை எடுக்க வேண்டிய கடமை அரசுக்கு உண்டு என்று அறிவது குடிமை. 2012 வரை இப்படித் தனிச் சட்டமே இல்லை என்று அறிவது வரலாறு. மூன்றையும் பிரித்தால் பிள்ளையின் கையில் மிஞ்சுவது ஒரு சொல் மட்டுமே.

தமிழுக்கு இது இயலாத காரியமன்று. பெரியசாமித் தூரன் தலைமையில் பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் கண்ட மொழி இது. இன்று வேண்டியது இன்னொரு கலைக்களஞ்சியம்கூட இல்லை. 40, 50 பக்கத்தில் ஒரே நிகழ்வை எடுத்து ஆழ்ந்து எழுதும் நூல்கள். அவற்றில் முதலாவதாக உத்திரமேரூரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் அந்தக் கல்வெட்டின் தகுதி விதிகள், எதிர்ப்பக்கம் அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தத்துக்குப் பிந்தைய கிராம சபை: வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் உறுப்பினர்; நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், ஆணாக இருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் ஊராட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பிள்ளைக்கு வாக்கு இல்லை. உட்கார்ந்து கவனிக்க அதற்கு ஒரு குறிப்பேடு போதும். யார் பேசினார், யார் பேச வந்து பேசாமல் போனார், வரவுசெலவுக் கணக்கு வாசிக்கப்பட்டதா என்று எழுதிக்கொள்ள நூலின் கடைசியில் நான்கு வெற்றுப் பக்கங்களை விடுங்கள். சிறுவர் நூல் வெளியிடும் பதிப்பாளர்களையும் எழுத்தாளர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அடுத்த ஜனவரி 26க்குள் இப்படி ஒரு நூலையாவது கொண்டுவாருங்கள்.